காலில் குடைச்சல்: காரணம் எங்கே?

பொழுது புலருமுன் பிரட்டுக்கு எழும் பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர், படுக்கையை விட்டுக் காலை ஊன்றியதும் ஒரு பக்கப் பிட்டத்தில் சுருக்கென்ற வலியை உணர்கிறார். சிறிது தூரம் நடந்ததும் வலி சற்றே தணிகிறது. நிரையில் இறங்கிக் குனிந்து நிமிர்ந்து மரம் வெட்டத் தொடங்கியதும் மீண்டும் தலையெடுக்கிறது. வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் அமர்ந்தால், பிட்டத்தின் நடுவில் ஆணி அறைந்தாற்போன்ற வலி தொடையின் பின்புறமாக இறங்கிக் கெண்டைக்கால் வரை குடைகிறது. “நரம்பு பிசகிவிட்டது” என்கிறார் ஒருவர். “வாயுப் பிடிப்பு” என்கிறார் மற்றொருவர். “டிஸ்க் விலகிவிட்டது, இனி மரம் வெட்ட முடியாது” என்று அச்சுறுத்துகிறார் மூன்றாமவர்.

தோட்டப்புறங்களில் இத்தகைய குறையைக் கேளாத லயம் இல்லை என்றே சொல்லலாம். இவ்வாறு காலில் இறங்கும் வலிக்குக் காரணங்கள் பல. அவற்றுள் பலரும் அறியாத ஒன்று, பிட்டத்தின் ஆழத்திலுள்ள ஒரு சிறு தசை. அதனைப் பற்றியும், அதனால் உண்டாகும் நோயை ஏனைய நோய்களினின்று எவ்வாறு பிரித்தறிவது என்பதைப் பற்றியும் இக்கட்டுரையில் விளக்க விழைகிறோம்.

வலிக்கும் இடம் வேறு, ஊற்று வேறு

மங்கில் பால் குறைந்துவிட்டால் மங்கைக் குறை சொல்வோர் யாருமில்லை. பீலியைப் பார்ப்போம், வெட்டுக்கோட்டைப் பார்ப்போம், பட்டையில் நோய் கண்டிருக்கிறதா என்று ஆராய்வோம். பால் மங்கில் வந்து விழுந்தாலும், அதன் ஊற்று மேலே பட்டையில் இருக்கிறது என்பதை நாம் அறிவோம்.

காலில் இறங்கும் நரம்பு வலியும் இத்தகையதே. நம் உடலிலுள்ள நரம்புகள் எல்லாவற்றிலும் பருமனானது சையாட்டிக் நரம்பு எனப்படும். இஃது ஏறத்தாழ ஒரு விரல் பருமன் உடையது. இடுப்புப் பகுதியில் முதுகெலும்பினின்று புறப்படும் பல நரம்பு வேர்கள் ஒன்றுசேர்ந்து இந்நரம்பாகின்றன. பிட்டத்தின் ஊடாகச் சென்று, தொடையின் பின்புறம் இறங்கி, முழங்காலுக்கு மேல் இரண்டாகப் பிரிந்து, இது பாதம் வரை செல்கிறது. இந்த நீண்ட வழியில் எந்த இடத்தில் நரம்பு நசுக்கப்பட்டாலும், அதற்குக் கீழே தொடையிலோ கெண்டைக்காலிலோ பாதத்திலோ வலி தோன்றக்கூடும். ஆகவே, கெண்டைக்காலில் மட்டும் தைலம் தேய்த்துக்கொண்டிருப்பது மங்கைத் துடைத்துக்கொண்டிருப்பதற்கு ஒப்பாகும்.

பேரிக்காய் வடிவத் தசை

முதுகெலும்பின் அடியில் முக்கோண வடிவில் திரிக எலும்பு என்று ஓர் எலும்பு உண்டு. அதன் முன்புறத்திலிருந்து புறப்பட்டு, தொடை எலும்பின் உச்சியில் வெளிப்பக்கமாகத் துருத்தியிருக்கும் முடிச்சில் சென்று பொருந்துகிறது ஒரு தசை. ஒரு புறம் அகன்றும் மறு புறம் குறுகியும் பேரிக்காயைப் போல இருப்பதால், ‘பேரிக்காய் வடிவமானது’ என்னும் பொருள்படப் பிரிபார்மிஸ் என்று இலத்தீன் மொழியில் இதற்குப் பெயரிட்டனர். நாம் நிற்கையில் தொடையை வெளிப்புறமாகத் திருப்புவதும், நடக்கையில் இடுப்பை நிலைநிறுத்த உதவுவதும் இத்தசையின் பணிகள்.

பெரும்பாலோருக்குச் சையாட்டிக் நரம்பு இத்தசையின் கீழ் விளிம்பை ஒட்டி வெளிவருகிறது. ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவருக்கு, நரம்பின் ஒரு கிளையோ முழு நரம்போ தசையைத் துளைத்துக்கொண்டோ அதன் மேலாகவோ செல்வதுண்டு. இவ்வமைப்பு உடையவர் எல்லாருக்கும் நோய் வருவதில்லை. இவ்வமைப்பு இல்லாதவருக்கும் நோய் வருவதுண்டு. அடிபட்டோ, ஓயாத உழைப்பாலோ, நெடுநேரம் அழுத்தப்பட்டோ இத்தசை இறுகிப் பிடித்துக்கொள்ளும்போது, அருகிலுள்ள நரம்பு எரிச்சலடைகிறது. அதனால் எழும் வலியையும் மதமதப்பையுமே பிரிபார்மிஸ் நோய்க்குறி என்று மருத்துவர்கள் அழைக்கின்றனர்.

இந்நோய் அறியப்பட்ட வரலாறு

காலில் இறங்கும் வலிக்கு இத்தசையும் காரணமாகலாம் என்ற கருத்தை 1928ஆம் ஆண்டில் யோமன் என்னும் மருத்துவர் வெளியிட்டார். 1934ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மிக்ஸ்டர், பார் என்னும் இரு மருத்துவர்கள், முதுகெலும்பின் கண்ணிகளுக்கு இடையேயுள்ள வட்டு பிதுங்கி நரம்பு வேரை நசுக்குவதால் இவ்வலி உண்டாவதை எடுத்துக்காட்டினர். அதன்பின் மருத்துவ உலகின் பார்வை பெரும்பாலும் வட்டின்மீதே திரும்பியது. அது தவறுமன்று, காலில் இறங்கும் வலியால் துன்புறுவோருள் மிகுதியானவர்களுக்கு வட்டே காரணம். தசையால் துன்புறுவோர் சிறுபான்மையினரே.

எனினும் 1947ஆம் ஆண்டில் ராபின்சன் என்னும் மருத்துவர், இத்தசையால் வரும் துன்பத்திற்குத் தனிப் பெயரிட்டு, அதற்குரிய ஆறு அடையாளங்களையும் வகுத்துரைத்தார். பிட்டம் அடிபட விழுந்த வரலாறு அவற்றுள் ஒன்று. குனியும்போதும் பளு தூக்கும்போதும் வலி மிகுதல் மற்றொன்று. காலை ஈரத்தில் சரிவில் வழுக்கி விழுவதும், குனிவதும், வாளி தூக்குவதும் நம் தொழிலாளர்களுக்குப் புதியவை அல்லவே!

பால்வெட்டுத் தொழிலும் இடுப்பும்

மாசாய் வட்டாரத்தில் முதிய தொழிலாளர்களுக்கு நினைவிருக்கும்: ஒரு காலத்தில் பிளந்தோங், பாசிர் கூடாங் பக்கமெல்லாம் பால்மரக் காடுகளாகவே இருந்தன. 1977ஆம் ஆண்டில் பாசிர் கூடாங்கில் ஜொகூர்த் துறைமுகம் இயங்கத் தொடங்கியபின், தொழிற்சாலைகளும் குடியிருப்புகளும் பெருகின. தோட்டங்கள் சுருங்கின. தோட்டத்தில் தொடர்ந்து உழைப்போரும் உள்ளனர். தோட்டத்தை விட்டு லாரி ஓட்டுநராகவும் காவலாளியாகவும் ஆலைத் தொழிலாளியாகவும் மாறியோரும் உள்ளனர். இவ்விரு சாராருக்கும் இந்நோய் பற்றிய அறிவு பயன்படும்.

பால்வெட்டுவோர் ஒரு நாளில் நூற்றுக்கணக்கான மரங்களைச் சுற்றி வருகின்றனர். ஒவ்வொரு மரத்திலும் வெட்டுக்கோட்டின் சரிவை ஒட்டிக் கத்தியை இழுத்தவாறே அடி பெயர்க்க வேண்டும். கீழ்வெட்டு தரையை நெருங்க நெருங்க முதுகு வளைகிறது. படிவெட்டிய மலைச்சரிவில் ஒரு கால் மேலும் ஒரு கால் கீழுமாக நிற்க நேர்கிறது. பிறகு காண்டாக் கம்பிலோ கையிலோ பால் வாளிகளைச் சுமக்க வேண்டும். தாய்லாந்து, இலங்கை ஆகிய நாடுகளிலும் நம் நாட்டிலும் பால்வெட்டுவோரிடையே நடத்தப்பட்ட ஆய்வுகள், இடுப்புவலியும் தசைநோவும் இத்தொழிலில் பரவலாக உள்ளதைக் காட்டியுள்ளன.

இதற்கு நேர்மாறாக, லாரி ஓட்டுநரும் காவலாளியும் மணிக்கணக்கில் அமர்ந்தே இருக்கின்றனர். அவர்களுக்கு அழுத்தமே பகை. கால்சட்டையின் பின்பையில் தடித்த பணப்பையை வைத்துக்கொண்டு அதன்மேல் அமர்ந்திருப்பதாலேயே காலில் வலி கண்டவர்களைப் பற்றி 1970களில் அமெரிக்க மருத்துவ ஏடுகள் எழுதின. பணப்பையை எடுத்து முன்பையில் வைப்பதற்குச் செலவு ஏதுமில்லை. பிட்டவலி உள்ளவர்கள் இன்றே செய்யத்தக்க முதல் வேலை இதுவேயாகும்.

எதனை எதனின்று பிரித்தறிவது?

இந்நோயைத் திட்டவட்டமாகக் காட்டும் ஒரே சோதனை என்று எதுவும் இல்லை. இரத்தப் பரிசோதனையில் இது தெரியாது. எக்ஸ்ரே படம் எலும்பைக் காட்டுமேயன்றித் தசையையும் நரம்பையும் காட்டாது. “எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார்கள், ஆனால் வலி போகவில்லை” என்று மனம் சோர்வோர் இதனை அறிந்துகொள்ள வேண்டும். ஏனைய காரணங்களை ஒவ்வொன்றாக விலக்கி, எஞ்சி நிற்கும் அடையாளங்களைக் கூட்டிப் பார்த்தே மருத்துவர் இந்நோயை முடிவு செய்கிறார்.

தசையால் வரும் வலி பெரும்பாலும் ஒரு பக்கப் பிட்டத்தின் ஆழத்தில் தொடங்கும். அந்த இடத்தை அழுத்தினால் வலிக்கும். நெடுநேரம் உட்கார்ந்திருந்தால் மிகும். உட்கார்ந்த இடத்திலிருந்து எழும்போதும், மேட்டில் ஏறும்போதும் குத்தும். நடுமுதுகிலோ இடுப்பின் நடுவிலோ வலி குறைவாகவே இருக்கும்.

வட்டு பிதுங்கியதால் வரும் வலி பெரும்பாலும் இடுப்பில் தொடங்கும். இருமினாலும் தும்மினாலும் மலங்கழிக்க முக்கினாலும் மின்னல் வெட்டுவதுபோலக் காலில் இறங்கும். பாதத்தின் குறிப்பிட்ட ஒரு பகுதி மரத்துப்போவதும், பெருவிரலை மேலே தூக்க இயலாமற் போவதும் உண்டு.

இடுப்பு மூட்டுத் தேய்ந்திருந்தால் வலி பெரும்பாலும் அரையிடுக்கில், அதாவது தொடையும் வயிறும் சேரும் முன்புறத்தில் தோன்றும். நடக்கும்போது கெண்டைக்கால் இறுகி வலித்து, நின்றவுடன் இரண்டொரு நிமிடத்தில் தணிந்துவிடுமானால், கால் இரத்தக்குழாய் அடைபட்டிருக்கக்கூடும். புகைப்போரும் நீரிழிவு உடையோரும் இதில் கருத்தூன்ற வேண்டும். இரு பாதங்களிலும் ஒருசேர எரிச்சலும் மதமதப்பும் இருப்பின், அது நீரிழிவால் நரம்பு கெட்டதன் அடையாளமாகலாம். மலேசிய இந்தியரிடையே நீரிழிவு மிகுதி என்பதால், கால்வலி என்று வருவோர் இரத்தத்தில் சர்க்கரை அளவையும் பார்த்துக்கொள்வது நலம்.

மருத்துவர் என்ன செய்வார்?

முதலில் உங்களை மல்லாந்து படுக்கவைத்து, முழங்காலை மடக்காமல் காலை மேலே தூக்குவார். சிறிது தூக்கியதுமே வலி முழங்காலுக்குக் கீழே பாய்ந்தால் வட்டின்மீது ஐயம் விழும். பிறகு முழங்காலிலும் கணுக்காலிலும் சிறு சுத்தியலால் தட்டிப் பார்ப்பார். குதிகாலாலும் நுனிக்காலாலும் நடக்கச் சொல்வார். இவை நரம்பின் வலிமையை அறிவதற்காக.

அடுத்து உங்களை ஒருக்களித்துப் படுக்கவைத்து, மேலே இருக்கும் காலின் இடுப்பையும் முழங்காலையும் மடக்கி, முழங்காலைக் கீழ்நோக்கி அழுத்துவார். அப்போது தசை நீண்டு நரம்பை அழுத்தும். உங்களுக்குப் பழக்கமான அதே வலி, அதே இடத்தில் எழுந்தால் ஐயம் தசையின்மேல் திரும்பும். உட்காரவைத்து முழங்கால்களை வெளிப்புறமாகத் தள்ளச் சொல்லி, தம் கையால் தடுத்துப் பார்ப்பதும் உண்டு. இச்சோதனைகளில் ஊசியோ கத்தியோ இல்லை, அஞ்சுவதற்கு ஒன்றுமில்லை. வட்டு நோயை விலக்கவேண்டிய தேவை இருந்தால், எம்.ஆர்.ஐ. என்னும் காந்தப் படம் எடுக்க மருத்துவமனைக்கு அனுப்புவார்.

மாசாயில் உள்ளவர்கள் முதலில் மாசாய் அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குக்குச் செல்லலாம். மலேசியக் குடிமக்களுக்கு அங்கே வெளிநோயாளர் கட்டணம் 1 ரிங்கிட் மட்டுமே. தேவைப்படின் அங்கிருந்து ஜொகூர் பாருவிலுள்ள சுல்தான் இஸ்மாயில் மருத்துவமனை, சுல்தானா அமினா மருத்துவமனை போன்றவற்றுக்கு அனுப்பப்படுவர்.

உங்கள் வாய்ச்சொல்லே பாதிச் சோதனை

இந்நோய்க்குத் தனிச் சோதனை இல்லை என்று கூறினோம். அதனாலேயே நோயாளி சொல்லும் விவரம் மிகப் பெரிய மதிப்புப் பெறுகிறது. ஒரு நாள் சம்பளத்தை இழந்து கிளினிக்குக்குச் சென்று, நெடுநேரம் காத்திருந்து, “கால் வலிக்குது டாக்டர்” என்று மட்டும் சொல்லிவிட்டு வலிமாத்திரையுடன் திரும்புவதால் யாருக்குப் பயன்? கீழ்வரும் வினாக்களுக்கு விடையை வீட்டிலேயே எண்ணிப் பார்த்து, எழுதத் தெரிந்த பிள்ளைகளைக் கொண்டு ஒரு தாளில் குறித்துச் செல்லுங்கள்.

1. வலி முதன்முதலில் எங்கே தோன்றியது? இடுப்பிலா, பிட்டத்திலா, காலிலா? ஒரு விரலால் தொட்டுக் காட்ட இயலுமா?

2. எப்போது தொடங்கியது? அதற்கு முன் விழுந்ததுண்டா? பளு தூக்கியதுண்டா? வேலையில் மாற்றம் ஏற்பட்டதா?

3. உட்கார்ந்தால் மிகுகிறதா? நடந்தால் மிகுகிறதா? எத்தனை நிமிடத்தில்?

4. இருமும்போதும் தும்மும்போதும் காலில் பாய்கிறதா?

5. எந்த இடம் மரத்துப்போகிறது? செருப்பு காலைவிட்டுத் தானே கழல்கிறதா? நடக்கும்போது பாதம் தரையில் இழுபடுகிறதா?

6. உங்கள் வேலை என்ன? எத்தனை மணி நேரம் குனிகிறீர், சுமக்கிறீர், அமர்ந்திருக்கிறீர்?

7. இதுவரை உண்ட மருந்துகள் யாவை? நாட்டு மருந்தையும் கடையில் வாங்கிய மாத்திரையையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

மலாய் மொழியில் விளக்கிச் சொல்லத் தயங்குவோர், படித்த பிள்ளையையோ உறவினரையோ உடன் அழைத்துச் செல்வதில் கூச்சம் வேண்டா. பெண் தொழிலாளர்கள் பிட்டத்து வலியைச் சொல்ல நாணி, “கால்வலி” என்று மட்டும் கூறிவிடுவதுண்டு. பெண் மருத்துவரையோ தாதியையோ கேட்டுப் பெறலாம். வலியின் இடத்தை மறைத்தால் நோயின் இடமும் மறைந்துபோகும்.

காலம் தாழ்த்தலாகாத அறிகுறிகள்

சிறுநீர் கழிக்க இயலாமை அல்லது அடக்க இயலாமை; மலம் தன்னையறியாமல் வெளியேறுதல்; சைக்கிள் இருக்கையில் படும் இடமெல்லாம் மரத்துப்போதல்; இரு கால்களும் ஒருசேர வலுவிழத்தல் - இவற்றுள் ஒன்று கண்டாலும், மறுநாள் விடியட்டும் என்று காத்திராமல் அப்பொழுதே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்க. முதுகெலும்பின் அடியில் நரம்புக் கற்றை முழுதும் நசுங்கியதன் அடையாளம் இது. உடனே அறுவைச் சிகிச்சை செய்யாவிடில் வாழ்நாள் முழுதும் ஊனம் நிலைக்கக்கூடும். இத்தகையவரைப் படுக்கவைத்து முதுகில் மிதிப்பதும், கயிறு போட்டு இழுப்பதும் பெருந்தீங்காக முடியும்.

காய்ச்சலுடன் கூடிய முதுகுவலி, காரணமின்றி உடல் மெலிதல், இரவில் படுத்தாலும் ஓயாத வலி, முன்பு புற்றுநோய் கண்டவருக்கு வரும் வலி, உயரத்திலிருந்து விழுந்தபின் வரும் வலி ஆகியவற்றையும் தாமதமின்றி மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பரிகாரம் என்ன?

தசையால் வந்த நோய் என்று மருத்துவர் முடிவு செய்துவிட்டால் மனம் தளர வேண்டா. பெரும்பாலோர் கத்தி படாமலே நலமடைகின்றனர். படுத்த படுக்கையாகக் கிடப்பது தசையை மேலும் இறுக்கும். ஆகவே வலி தாங்கும் அளவுக்கு நடமாடுவது நல்லது. வெந்நீர் ஒற்றடம் இதமளிக்கும். பிசியோதெரபி என்னும் இயன்முறைச் சிகிச்சையில் தசையை நீட்டும் பயிற்சிகளைக் கற்பிப்பர்.

அவற்றுள் எளியது ஒன்று: மல்லாந்து படுத்து இரு முழங்கால்களையும் மடக்கிக்கொள்க. வலியுள்ள காலின் கணுக்காலை மற்றக் காலின் முழங்கால்மேல் குறுக்காக வைக்க. பின்பு அடியிலுள்ள தொடையை இரு கைகளாலும் பற்றி மார்பை நோக்கி மெல்ல இழுக்க. பிட்டத்தில் இழுவை தெரியும் நிலையில் 20 முதல் 30 விநாடி வரை நிறுத்தி விடுக. இவ்வாறு மும்முறை, காலையும் மாலையும் செய்யலாம். காலில் வலியோ மதமதப்போ கூடினால் நிறுத்திவிட்டு மருத்துவரைக் காண்க. பயிற்சியால் தீராதவர்களுக்குத் தசையில் ஊசிமருந்து செலுத்துவதுண்டு. அறுவைச் சிகிச்சை மிக அரிதாகவே தேவைப்படும்.

வலிமாத்திரைகளைக் கடையில் வாங்கித் தொடர்ந்து விழுங்குவது வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். இரத்த அழுத்தமும் சிறுநீரக நோயும் உடையோர் மருத்துவரைக் கேளாமல் உண்ணவே கூடாது. மேலும், மூட்டுவலிக்கு என்று விற்கப்படும் சில பதிவு பெறாத பாரம்பரிய மருந்துகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்து எச்சரித்துள்ளது. உண்டவுடன் வலி பறந்துபோகும். பின்னர் உடல் ஊதும், சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும். ‘மால்’ என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் முத்திரையும் இல்லாத மருந்தைத் தொடாதீர்.

வேலையிலும் சில மாற்றங்கள் உதவும். கத்தியைக் கூர்மையாக வைத்திருந்தால் இழுக்கும் விசை குறையும். கீழ்வெட்டில் இடுப்பை மட்டும் வளைக்காமல் முழங்காலையும் மடக்குக. இடுப்பைத் திருகாமல் அடி பெயர்த்து மரத்தைச் சுற்றுக. ஒரு கையில் நிறை வாளி சுமப்பதைவிட இரு கைகளிலும் சமமாகச் சுமப்பது மேல். அமர்ந்து வேலை செய்வோர் அரை மணிக்கொரு முறையேனும் எழுந்து நடக்க வேண்டும்.

வேலை நேரத்தில் விழுந்ததால் வலி தொடங்கியிருந்தால், அன்றே மண்டோரிடமும் தோட்ட அலுவலகத்திலும் தெரிவித்துப் பதிவு செய்க. மருத்துவரிடமும் அதனைச் சொல்லுக. 1969ஆம் ஆண்டுத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்ச் சொக்சோவிடம் கோரிக்கை வைக்க இப்பதிவுகள் இன்றியமையாதவை. நோயுற்ற தொழிலாளர் மீண்டும் வேலைக்குத் திரும்ப உதவும் திட்டம் ஒன்றையும் சொக்சோ 2007ஆம் ஆண்டு முதல் நடத்தி வருகிறது.

உழைப்பவருக்கு உடலே முதல். காலில் குடைச்சல் கண்டவர் எல்லாருக்கும் வட்டு விலகியதென்று அஞ்ச வேண்டியதில்லை. எல்லாம் வெறும் பிடிப்பென்று அசட்டையாக இருந்துவிடவும் கூடாது. வலியின் ஊற்று எங்கே என்பதை மருத்துவர் கண்டறிய வேண்டும். அதற்கு வழிகாட்டும் சொல் உங்களிடமிருந்தே வர வேண்டும். அடுத்த முறை கிளினிக்குக்குச் செல்லுமுன், மேலே கூறிய ஏழு வினாக்களையும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். இழந்த ஒரு நாள் சம்பளம் வீண்போகாது.